அட்டைப் படத்தில் ஒரு சட்டைப்பை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, செய்தித்தாளுக்குள் மடிந்து வந்த ஒரு நோட்டீஸிலிருந்து எனக்குக் கிடைத்தது. மூன்று மடிப்பு, வழவழப்பான தாள். வீட்டிலேயே ஒட்டுப்போர்வை தைத்துத் தருகிறோம் என்று சொன்ன நோட்டீஸ். துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைத்தால் அது ஒட்டுப்போர்வை. உங்கள் வீட்டுப் பழைய துணியைக் கொண்டுவந்தாலும் தைத்துக் கொடுப்போம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தப் பொடி எழுத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கொண்டுவருகிற துணி யாருடையது என்று கேட்பார்களா? கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வார்கள் என்று என்ன நிச்சயம்? இப்படி நினைத்ததும் முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. எனக்குக் கதை அந்த வழியாகத்தான் வரும். தலை வழியாக வந்ததே இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த நோட்டீஸின் அட்டையில் இருந்தது சாதாரணப் பூப்போட்ட போர்வை. சட்டைப்பை எதுவும் அதில் இல்லை. அதை அங்கே வைத்தவள் நான்.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ கதவைத்—

விட்டுவிட்டேன். பயமுறுத்துவதற்கு மழையைத் துணைக்குக் கூப்பிடுவது சோம்பேறித்தனம். இந்தக் கதையில் பயம் வருவதெல்லாம் நல்ல வெயிலில், கொடியில் துணி காய்கிற நேரத்தில்.

இரண்டாம் தொடக்கம்: ஒரு மனிதன் காணாமல் போனால் அவனுடைய சட்டைகள் எங்கே போகின்றன?

கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வியோடு ஆரம்பிக்கிறவள் மடியில் பதிலை முடிந்து வைத்திருக்க வேண்டும். என் மடியில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் தொடக்கம்: நாத்தனார் படத்தைப் பெரிதாக்கினாள்.

இதுவே இருக்கட்டும், கண்ணுகளா. எல்லா வினையும் அந்த ஒரு காரியத்தால் வந்ததுதான்.

3

வீட்டில் இரண்டு பெண்கள். போர்வை தைப்பவள் அண்ணி. நோட்டீஸ் வடிவமைப்பவள் அவளுடைய கணவரின் தங்கை. அவளை நாத்தனார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். நாத்தனார் ஒரு விளம்பர அலுவலகத்தில் ஒன்பது வருடம் கணினி முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அந்த அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டதும், பழைய கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்னறையில் ஒரு பக்கம் தையல் மெஷின், எதிர்ப்பக்கம் கணினி. இரண்டுக்கும் நடுவில் துணிக் குவியல்.

[அண்ணியும் நாத்தனாரும் என்றதும் நீங்கள் சண்டைக்குத் தயாராகியிருப்பீர்கள். முதல் பிரதியில் நானும் மூட்டிவிட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒத்துழைக்கவில்லை. ஒருத்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் இன்னொருத்தி தைக்கிறாள். நான் என்ன செய்ய?]

"அட்டையில இப்படிப் போடலாமா அண்ணி? 'நினைவுகளைப் போர்த்திக்கொள்ளுங்கள்.'"

"நினைவைப் போர்த்தினா குளிர் விட்டுடுமா? பஞ்சு எவ்வளவு வைக்கிறோம்னு போடு."

"அட்டையில பஞ்சைப் பத்தி எழுதினா மூட்டை தூக்குற கடை மாதிரி இருக்கும்."

"அப்போ உள்பக்கம் எழுது. துவைச்சா சாயம் போகாதுன்னும் எழுது. போச்சுன்னா என்னைத்தான் திட்டுவாங்க, உன் நினைவை இல்ல."

கடைசிப் பக்கத்தில் வீட்டு விலாசம். 'எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்' என்று நாத்தனார் சேர்த்தாள். ஐந்து பக்கம் முடிந்துவிட்டது. அட்டைதான் மக்கர் பண்ணியது. அண்ணியின் போர்வைகளுக்கெல்லாம் மெல்லிய நிறங்கள். கொடியில் பார்த்தால் அழகு. தாளில் வந்தால் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்துக் கிடந்தன. ஒரே ஒரு போர்வை மட்டும் தாளிலும் நின்றது. ஆழ்ந்த நீலம், சாம்பல், கட்டம் போட்டது, கோடு போட்டது என்று எல்லாம் ஆண்கள் சட்டைத் துணி. ஒருவர் தன் இறந்துபோன தம்பியின் ஏழு சட்டைகளைக் கொடுத்துத் தைக்கச் சொன்னது. கொடுத்தனுப்புவதற்கு முன்பு எல்லாப் போர்வைகளையும் அண்ணி படம் எடுத்து வைத்துக்கொள்வாள். இது என் துணியே இல்லை என்று நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு.

"அது வேண்டாம். ஜனங்க குடுத்த துணி. அவங்க வீட்டுத் துக்கம் அது. ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் காட்டக் கூடாது."

"முழுசாப் போட்டாத்தானே தெரியும்? ஒரே ஒரு சதுரத்தை மட்டும் வெட்டிப் பெரிசாக்கிடறேன். அப்புறம் அது யார் போர்வைன்னு அந்தப் போர்வைக்கே தெரியாது."

அவள் ஏமாற்றவில்லை. ஒன்பது வருடத் தொழில் அவளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தது. எதையும் போதுமான அளவு பெரிதாக்கினால் அது அதுவாக இருக்காது. வெறும் நிறமாகிவிடும். கத்தரிக்காயைப் பெரிதாக்கி ராத்திரி வானம் என்று விற்றிருக்கிறாள்.

அவள் தேர்ந்தெடுத்த சதுரத்தில் ஒரு சட்டைப்பை இருந்தது. அண்ணி பைகளைப் பிரிக்க மாட்டாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் அதற்குள் கையை விட்டுக்கொள்வார்கள் என்பாள். பையின் ஓரம் எப்போதோ கிழிந்து, நீலத் துணியில் பச்சை நூலால் யாரோ தைத்திருந்தார்கள். நீலத்துக்கு நடுவே அந்தப் பச்சை கண்ணைப் பறித்தது. அச்சகக்காரர்கூட, "அந்தப் பச்சையாலதாம்மா படமே நிக்குது" என்றார்.

ஆயிரம் பிரதி. பாதி இந்தப் பக்கத்து மருந்துக் கடைகளுக்கும் பல் டாக்டர் வீட்டுக்கும் போயிற்று. மீதியை அண்ணன் லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, நிற்கிற இடத்திலெல்லாம் கொடுத்துக்கொண்டே போனார்.

4

புதன்கிழமை காலை, பதினொரு மணி இருக்கும். தொலைபேசியை நாத்தனார் எடுத்தாள். பெண் குரல்.

"போர்வை தைக்கிறவங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"அட்டையில ஒரு சட்டைப்பை இருக்கே, நீலத்துல."

"ஆமாங்க. அதே மாதிரி உங்களுக்கும்—"

"அது எங்க அண்ணன் சட்டை."

நாத்தனார் சிரித்துவிட்டாள்.

[இந்தச் சிரிப்பை மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். பயம் வருவதற்கு முந்தின வினாடி மனிதர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் அவள் பொம்மையாகிவிடுவாள்.]

"நீலச் சட்டை எல்லார்கிட்டயும் இருக்குமேங்க."

"இருக்கும். பச்சை நூல் போட்டது இருக்காது. அவன் ஊருக்குக் கிளம்பற அவசரம். வீட்ல நீல நூல் தீர்ந்துபோச்சு. கையில கிடைச்சதைப் போட்டுத் தைச்சுக் குடுத்தேன். 'நெஞ்சுல புல்லு முளைச்ச மாதிரி இருக்குடி'ன்னு திட்டிக்கிட்டே மாட்டிக்கிட்டான். நாலு தையல் சாய்வா இருக்கும், அஞ்சாவது நேரா இருக்கும். எண்ணிப் பாருங்க."

படம் கணினித் திரையிலேயே இருந்தது. நாத்தனார் எண்ணினாள். சாய்வாக நான்கு. அதற்கு அடுத்தது நேராக.

"உங்க அண்ணன்…"

"வேலைக்குன்னு போனான். ஒன்றரை வருஷமாச்சு. மொதல்ல தினம் பேசுவான். அப்புறம் போன் போகவே இல்ல. போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். நேத்து உங்க நோட்டீஸை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். படத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, துணியைக் கொண்டு வான்னாங்க. அந்தச் சட்டையை யாரு குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

அந்தத் துணியைக் கொடுத்தவர் வருகிற வெள்ளிக்கிழமை இந்த வீட்டுக்கு வரப்போகிறார் என்பது நாத்தனாருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

5

அவரை இரண்டு பெண்களும் மூட்டைக்காரர் என்று சொல்வார்கள். முதல்முறை வந்தபோது துணிகளைப் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அதனால் அந்தப் பெயர்.

இவருக்கு மீசை வைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வைத்தால் நீங்கள் உடனே தீர்ப்பெழுதிவிடுவீர்கள். அதனால் மழித்துவிட்டேன். மழித்த பிறகு இன்னும் பயமாக இருக்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும். ஐம்பது வயது. மெல்லிய குரல். வாசலில் செருப்பை நேராக ஜோடி சேர்த்து விடுவார். கொண்டுவந்த சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, பட்டன்களையெல்லாம் வெட்டி எடுத்திருந்தார்.

"தம்பியோடது. கூடப்பிறந்தவன். போயிட்டான். மூணு மாசமாச்சு." அப்போது அவ்வளவுதான் சொன்னார். பிறகு, வாசல் வரை போய்த் திரும்பி, "மிச்சம் விழற துண்டெல்லாம் எனக்கு வேணும். ஒண்ணுகூட விடாம" என்றார்.

அது புதிய வேண்டுகோள் இல்லை. இறந்தவர்கள் துணியில் வெட்டி விழுவதை அண்ணி எப்போதுமே தனிப் பையில் போட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பெரிய போர்வையை அவர் மூன்று வாரம் முன்பு வாங்கிப் போய்விட்டார். பச்சை நூல் போட்ட பை அதோடு போயிற்று. மிஞ்சிய துணியில் ஒரு சின்னப் போர்வை. அதையும் துண்டுப் பையையும் வாங்கிக்கொள்ளத்தான் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"வர வேண்டாம்னு சொல்லிடலாம் அண்ணி. மெஷின் ரிப்பேர்னு சொல்லு."

அண்ணி அவர் கொடுத்த எண்ணை அழுத்தினாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

மதியம் அந்தப் பெண் மறுபடியும் அழைத்தாள். நாத்தனார் அவளுக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள்: பச்சைநூல்காரி.

"காலர் இருக்கா உங்ககிட்ட? அவன் கிளம்பறப்போ எல்லாச் சட்டைக்கும் காலர் உள்பக்கம் சின்னதாப் பெருக்கல் குறி போட்டேன். அதே பச்சை நூல். நாலஞ்சு பேர் தங்கற அறை, துணி மாறிடக் கூடாதுன்னு."

போர்வைக்குக் காலர் ஆகாது. தடிமன். அதனால் ஏழு காலரும் துண்டுப் பையில்தான் இருந்தன. அண்ணி பையைத் தரையில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒன்றில் இல்லை. அடுத்ததில் இல்லை. மூன்றாவதில் இருந்தது. கடைசியில் கணக்கு இப்படி: மூன்றில் பச்சைக் குறி, நான்கில் இல்லை.

"நாலு அவர் தம்பியோடதா இருக்கும்" என்றாள் அண்ணி. "ரெண்டு பேரும் ஒரே அறையில இருந்திருப்பாங்க. துணி கலந்திருக்கும். தப்பு பண்ணினவன் பட்டனை வெட்டிட்டு இந்தக் குறியை மட்டும் விட்டுட்டுப் போவானா?"

"கவனிச்சிருக்க மாட்டார் அண்ணி. எந்த ஆம்பளை காலரைத் திருப்பிப் பார்த்திருக்கான்? அண்ணன் பார்த்திருக்காரா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. குறி போட்ட காலர்களில் ஒன்றில், மடிப்புக்குள், பழுப்பாகக் கறை இருந்தது. எத்தனை தடவை துவைத்தாலும் போகாத கறை.

"வெட்டறப்போவே பார்த்தேன். டீக்கறைன்னு நெனச்சேன்."

"டீயா இருக்கலாம்."

"காலர்லயா டீ குடிப்பாங்க?"

[கறையை ரத்தம் என்று எழுத என் பேனா இரண்டு தடவை குனிந்தது. எழுதவிடவில்லை. அது என்ன கறை என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை உங்களிடம் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன்.]

போலீஸுக்குப் போகலாம் என்றாள் நாத்தனார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "யாரோ போன்ல சொன்னாங்கன்னு இன்னொருத்தர் துணியைத் தூக்கிட்டுப் போய் நிக்கறதா? அவர் நிஜமாவே தம்பியைப் பறிகுடுத்தவரா இருந்தா, அந்தப் பாவத்தை எங்க கொண்டு கழுவறது? அந்தப் பொண்ணே வரட்டும். அவ கையில காலரைக் குடுப்போம். அவ கொண்டு போகட்டும்."

அண்ணனை அழைத்தார்கள். அவர் இரண்டு நாள் தூரத்தில் இருந்தார். கதவைத் திறக்காதீங்க, திறக்காதீங்க என்று அதையே ஐந்து முறை சொன்னார்.

பச்சைநூல்காரி வியாழக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். மூட்டைக்காரர் எப்போதும் பதினொரு மணிக்கு வருகிறவர். நடுவில் ஐந்து மணி நேரம். கறை படிந்த அந்த ஒரு காலரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது, மற்றதையெல்லாம் கொடுத்து அவரை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. நாத்தனார் அந்தக் காலரைக் கணினி விசைப்பலகைக்கு அடியில் தட்டையாக வைத்தாள்.

6

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் வரவில்லை.

பன்னிரண்டுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார்கள். வாசல் கேட்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தைக்கிற மெஷின் நின்றது. இரண்டு மணிக்கு, இனிமேல் வர மாட்டார் என்று நாத்தனார் சொன்னாள். அப்படிச் சொன்னதற்கு அவளே பயந்தாள்.

மூன்றரைக்குக் கேட் திறந்தது. தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. அவர் கையை உள்ளே விட்டுத் திறந்துகொண்டு வந்து, செருப்பை ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, திறந்திருந்த ஜன்னல் வழியாக அண்ணியைப் பார்த்துப் புன்னகை செய்தார். அதற்கு மேல் கதவைத் திறக்காமல் எப்படி இருப்பது? பார்த்த பிறகு பார்க்காததுபோல் இருக்கத் தெரியாத பெண்கள் இவர்கள்.

"நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டேன்" என்றார். "எப்ப வேணும்னாலும் வரலாம்னு நீங்களே போட்டிருக்கீங்களே." சட்டைப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்து மேசைமேல் வைத்து, மடிப்புகளை விரலால் நீவினார். "அட்டையில இருக்கறது என் போர்வைதானே?"

நாத்தனார் தலையசைத்தாள்.

"நல்லாத்தான் வந்திருக்கு. எத்தனை அடிச்சீங்க?"

"ஆயிரம்."

"எங்கெல்லாம் குடுத்தீங்க?"

"இங்க… பக்கத்துல… மருந்துக் கடையில."

"பக்கத்துல மட்டும்தானா?"

"ஆமாங்க" என்றாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சின்னப் பொய்க்கு இவ்வளவு வியர்த்ததில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்மா." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணி சின்னப் போர்வையையும் துண்டுப் பையையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் போர்வையைப் பார்க்கவில்லை. பையை அவிழ்த்தார். காலர்களை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்து மேசைமேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார். குழந்தைக்கு எண் சொல்லிக் கொடுப்பவர் மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டார்.

"ஏழு சட்டை குடுத்தேன். ஆறு காலர்தான் இருக்கு."

7

இங்கே என் பேனா நின்று பதினொரு நாள் ஆயிற்று.

அவர் யார் என்று முடிவு செய்யாமல் அடுத்த வரியை எழுத முடியாது என்று நினைத்தேன். அதனால் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உங்களிடம் ஒளிக்காமல் காட்டுகிறேன்.

முடிவு ஒன்று. அவர் கொலைகாரர். மேசையிலிருந்த துணி வெட்டும் கத்தரிக்கோலை—

நிறுத்திவிட்டேன். அண்ணி அந்தக் கத்தரிக்கோலால் இத்தனை பக்கம் துணி வெட்டியிருக்கிறாள். அதை வேறு எதற்கும் தூக்க என் கை வரவில்லை. அதோடு, ஒரு மனிதரைக் கொலைகாரர் ஆக்குவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? மீசையில்லாத முகம், மெல்லிய குரல், உபயோகத்தில் இல்லாத ஒரு எண். இவ்வளவை வைத்துக்கொண்டு உங்கள் அப்பாவைக்கூடக் குற்றவாளி ஆக்கிவிடலாம்.

முடிவு இரண்டு. அவர் நிரபராதி. தம்பி நோயில் இறந்தான். கூட இருந்த பச்சைநூல்காரியின் அண்ணன் வேறெங்கோ வேலை தேடிப் போகும்போது மூன்று சட்டைகளை மறந்து விட்டுவிட்டுப் போனான். எல்லாம் தம்பியுடையது என்று இவர் நினைத்துக்கொண்டார். துக்கத்தில் இருக்கிறவர் காலர்களை எண்ணமாட்டாரா? எண்ணுவார். நானும் எண்ணியிருக்கிறேன், எதை என்று கேட்காதீர்கள். இதை எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. மறுநாள் படித்துப் பார்த்தேன். நான் தூங்குவதற்காக எழுதிய முடிவு அது. அந்தப் பெண்ணுக்கு அதில் ஒன்றுமே இல்லை. அவள் அண்ணன் எங்கே?

முடிவு மூன்று. அவர் பொய் சொன்னார், ஆனால் கொலை செய்யவில்லை. அந்த அறையில் ஏதோ நடந்தது, அவர் பார்த்தார், யாரிடமும் சொல்லாமல் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு— கட்டிக்கொண்டு என்ன? போர்வை தைக்கக் கொடுப்பாரா? கொடுக்கலாம். எரிக்கவும் மனசு வராமல், வைத்துக்கொள்ளவும் தைரியம் வராமல், அதன் உருவத்தை மட்டும் மாற்றி—

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இதையும் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாவது நாள் ஒன்று புரிந்தது. அவர் யார் என்று நாத்தனாருக்கும் தெரியாது. தெரியாமலேதான் அவள் அந்த அறையில் நிற்கிறாள். நான் மட்டும் தெரிந்துகொண்டு பத்திரமாக உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்? சரி, தெரியாமலே போவோம். என் பின்னாலேயே வாருங்கள்.

8

"ஆறு காலர்தான் இருக்கு" என்றார் மூட்டைக்காரர்.

அண்ணி சொன்னாள்: "தேடிப் பார்க்கறேங்க. குவியல்ல கலந்திருக்கும்." சொல்லிவிட்டுத் துணிக் குவியலுக்கு முன் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து உதறினாள். இல்லாத காலரை அவ்வளவு சிரத்தையாகத் தேடினாள். உதறிய துண்டையே அவள் திரும்ப உதறுவது நாத்தனாருக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

"மெதுவாத் தேடுங்கம்மா. எனக்கு அவசரம் இல்ல." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணினிக்குப் பக்கத்து நாற்காலி. அவர் முழங்கையிலிருந்து விசைப்பலகைக்கு ஒரு சாண் தூரம்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு மணி ஆகப் பத்து நிமிடம்.

அவர் எழுந்து போகும்படி ஏதாவது சொல்ல வேண்டும். துணி அடுத்த வாரம் அனுப்புகிறேன், தண்ணீர் வேண்டுமா, அண்ணன் இப்போது வந்துவிடுவார், எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நாத்தனார் வாயிலிருந்து வந்தது வேறு.

"உங்க தம்பி பேரு என்னங்க?"

அண்ணி உதறிய துண்டு கையிலேயே நின்றது.

மூட்டைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். "எதுக்குக் கேக்கறே?"

"போர்வை மூலையில… பேரு தைச்சுக் குடுப்போம். விருப்பப்பட்டா."

அவர் ஒரு பெயர் சொன்னார். [           ].

[இந்த இடத்தைக் காலியாக விட்டது மறதியால் இல்லை. பச்சைநூல்காரி தன் அண்ணன் பெயரைத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அவளுடைய அண்ணனைத் தன் கூடப்பிறந்தவன் என்று அவர் ஏன் சொன்னார்? வேறாக இருந்தால், அவள் அண்ணனின் காலர் இவர் கையில் ஏன்? எந்தப் பெயரை எழுதினாலும் பயம் குறையவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.]

"நல்ல பேரு" என்றாள் நாத்தனார். குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நல்ல பையன்" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கைகளை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நாத்தனார் நினைத்தாள். விரல்களின் இடுக்கில் கண்கள் திறந்திருப்பதுபோல் ஒரு வினாடி தோன்றியது. அடுத்த வினாடி அப்படி இல்லை.

அப்போது கேட்டை யாரோ தட்டினார்கள்.

அவர் கைகளை இறக்கினார். கண்கள் ஈரமாக இருந்தன. அது மட்டும் நிச்சயம், நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். "யாரும்மா?"

"தெரியலங்க. பார்த்துட்டு வர்றேன்."

"போயிட்டு வா. அண்ணி தேடிக்கிட்டு இருக்கட்டும்." அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஆனால் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணி குவியலுக்கு முன்னால் மண்டியிட்டபடியே நாத்தனாரைப் பார்த்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வாசற்படியிலிருந்து கேட்டுக்குப் பதினான்கு அடி. கொடியில் ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பெண், கையில் பயணப் பை, இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து கசங்கிய புடவை. நாத்தனார் நினைத்திருந்ததைவிட வயது குறைவு.

இதற்கு மேல் நான் வரவில்லை, கண்ணுகளா. பயந்துகொண்டுதான் வரவில்லை, வேறு பெருமையான காரணம் எதுவும் இல்லை. உள்ளே கூப்பிடுவதாக எழுதினேன், அடித்துவிட்டேன். திருப்பி அனுப்புவதாக எழுதினேன், அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து போவதைப் பார்க்க முடியவில்லை. ஒன்றரை வருடம் தேடி, சரியான வாசலுக்கு வந்து, திரும்பிப் போகிறவளை எப்படிப் பார்ப்பது? அவளை உள்ளே விட்டால், மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிற அண்ணிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

தாழ்ப்பாளில் இருப்பது இப்போது உங்கள் கை. இரும்பு வெயிலில் சுடுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. அந்தப் பெண் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்:

"போர்வை தைக்கிற வீடு இதுதானேங்க?"

பதில் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். உள்ளே அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.